இரும்பு வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் இரும்புக்கு வாய் இருந்தது. மாட்டுக்கும் காக்கைக்கும் அடுப்புக்கரிக்கும்கூட இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்பதை இரும்பே சொல்லிவிடும். “இந்தப் பக்கம் இன்னும் ஓர் அடி”, “சூடு ஆறிப்போச்சு, திரும்ப உலையிலே வை” என்று அது சொல்லச் சொல்ல, கொல்லன் சம்மட்டியை ஓங்கினால் போதும்.

ஆனால் அந்தக் கால இரும்பு மிகவும் மென்மையானது. தோலும் மென்மை, நெஞ்சும் மென்மை. அடித்தால் வளையும்; உடையாது. உரசினால் மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.

கடற்கரையிலிருந்து வரும் பாதை மலையடிவாரத்தைத் தொடும் இடத்தில் துடியன் என்கிற கொல்லனின் பட்டறை இருந்தது. சுற்றிலும் வேறு வீடு இல்லை. உப்பு ஏற்றிக்கொண்டு மலைமேல் போகும் வண்டிகள் மட்டும் அந்த வழியாக வரும். மலை ஏறும் முன் தேய்ந்த அச்சை மாற்றிக்கொள்ள அவை அங்கே நின்றாக வேண்டும். அச்சு என்றால் இரண்டு சக்கரங்களையும் கோத்து வண்டியைத் தாங்குகிற நீண்ட இரும்புத் தண்டு. அதன் இரண்டு முனைகளிலும் சக்கரம் சுற்றிச் சுற்றி இரும்பைத் தின்றுவிடும்.

வண்டிக்காரர்கள் அச்சு மாறுகிறவரை நிழலில் படுத்துக் கிடப்பார்கள். மாறியதும் போய்விடுவார்கள். அப்புறம் அடுத்த வண்டி வரும்வரை துடியனுக்கு யாரும் இல்லை. ஓர் ஆளுக்குக் கஞ்சி காய்ச்சினால் பதமாக வராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இரண்டு ஆளுக்குக் காய்ச்சுவான். மிச்சத்தைக் காக்கை தின்னும். “வரேன்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அதுவும் பறந்துவிடும்.

வருகிறவர்களில் வெள்ளச்சி ஒருத்திதான் வேறு மாதிரி. புருஷன் இறந்தபின் அவனுடைய வண்டியைத் தானே ஓட்டுகிறவள். செவலை, மயிலை என்று இரண்டு காளைகள். அவள் வந்து இறங்கினால் பட்டறையைப் பெருக்குவாள், குழம்பு வைப்பாள், வழியில் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். அவள் போன பிறகு அந்தப் பேச்சைத் துடியன் பல நாட்கள் மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பான். அடுத்த தடவை அவளிடம் சொல்ல வேண்டியதை உலைக்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பார்ப்பான். அவள் வரும்போது பாதி மறந்துபோயிருக்கும்.

ஒரு கோடையில் உடைந்த பானை ஒன்று உலையோரத்தில் புதைந்து போனது. அதற்குள் கரித்தூள் இருந்தது. கரித்தூளுக்குள் ஓர் ஆணி கிடந்தது. பானையின் வாயைச் சேறு அடைத்திருந்தது. பல நாள் கழித்துத் துடியன் அதைத் தோண்டி எடுத்து, சிவந்து கிடந்த ஆணியைத் தண்ணீரில் முக்கிவிட்டு அரத்தால் தேய்த்தான். அரம் வழுக்கியது. கண்ணாடியில் தேய்ப்பதுபோல் வழுக்கியது.

பானைக்குள்ளிருந்த கரி சிரித்தது. “நான்தான் அதுக்குள்ளே போயிட்டேன், துடியா. வெளியிலே இருந்தா எரிஞ்சு சாம்பலாத்தான் போகணும். மூடின பானைக்குள்ளே காத்து ஏது? எரிய வழியில்லே. பக்கத்திலே ஆணி சிவந்து கிடந்துச்சு. மெல்ல நுழைஞ்சேன்.”

“எவ்வளவு தூரம் போனே?”

“தோலோட சரி. நீ எடுக்காம விட்டிருந்தா இன்னும் போயிருப்பேன். நான் போகத் தெரிஞ்சவன். நிக்கத் தெரியாதவன்.”

துடியன் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அச்சையும் இப்படிச் செய்யலாம். செய்தால் அது தேயாது. தேயாத அச்சு உள்ள வண்டி இங்கே ஏன் நிற்கப் போகிறது?

அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் வெள்ளச்சி தாமதமாக வந்தாள். மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

“என்ன அண்ணே, தாடி இடுப்புக்கு வந்துடுச்சு? ஊருக்கெல்லாம் கத்தி அடிக்கிற ஆளுக்குச் சவரக்கத்தி இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே குதித்தாள்.

“அவர் எதுக்குச் சிரைக்கணும்?” என்றது செவலை. அதற்கு எப்போதும் வாய்க்கொழுப்பு. “பார்க்க யார் இருக்கா இங்கே, காக்காயைத் தவிர?”

“சும்மா இரு” என்றது மயிலை. அது சாது. துடியன் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினால் “நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வாயை வைக்கும்.

வெள்ளச்சி சக்கரத்தைக் கழற்றிக் காட்டினாள். அச்சின் முனைகள் கரும்புச் சக்கை மாதிரி மெலிந்திருந்தன.

“பாருங்க. போன தடவை நீங்க போட்டுக் கொடுத்ததுதான். தெற்கே ஆத்தோரமா புதுப் பாதை வந்திருக்கு அண்ணே. சுத்துதான். ஆனா ஏத்தம் இல்லே. அச்சு இந்த மாதிரி தேயாதாம். எல்லாரும் அந்த வழிதான் போறாங்க. நானும் இனிமே அப்படிப் போயிடலாம்னு பார்க்கிறேன்.”

துடியன் கையில் இருந்த குறட்டைத் தேவையில்லாமல் திறந்து மூடினான்.

“தேயாத அச்சு ஒண்ணு செஞ்சு தரேன், தங்கச்சி” என்றான். சொல்லியான பிறகுதான் சொன்னது தெரிந்தது. “அதுக்கு நாள் பிடிக்கும். பெட்டியிலே மூடி வேக வைக்கணும்.”

“எத்தனை நாளானா என்ன, மழைக்கு முந்தி நான் மேலே போகணும். உப்பு நனைஞ்சா அப்புறம் கண்ணீரைத்தான் விக்கணும்.”

“அதுக்குள்ளே ஆயிடும்” என்றான் துடியன்.

ஆள் நீளத்துக்கு ஒரு மண்பெட்டி செய்தான். புது அச்சை அதில் படுக்க வைத்து, சுற்றிலும் கரித்தூளும் ஒரு பிடி சாம்பலும் சேர்த்து அடைத்தான். காற்றுப் புகாதபடி விளிம்பெல்லாம் களிமண் பூசினான். நீளமான குழி வெட்டிப் பெட்டியை இறக்கி, மேலும் கீழும் நெருப்பு மூட்டினான். துருத்தி ஊதி, பெட்டி முழுவதும் முருக்கம்பூவின் செந்நெருப்பு நிறத்துக்கு வந்ததும் அந்த நிறம் மாறாமல் பார்த்துக்கொண்டான்.

அந்த நாட்களைப் போல் ஒரு காலம் துடியன் வாழ்க்கையில் வந்ததில்லை. வெள்ளச்சி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு ஆளுக்குக் காய்ச்சிய கஞ்சியை இரண்டு ஆள் குடித்தார்கள். சாயங்காலங்களில் அவள் கடலைப் பற்றிச் சொன்னாள். துடியன் கடலைப் பார்த்ததில்லை.

“அந்தக் கரையே தெரியாது அண்ணே. பார்த்துக்கிட்டே நின்னா நம்ம பேரே மறந்துடும்.”

“அப்போ நம்ம பட்டறை மாதிரிதான்” என்றான் துடியன்.

வெள்ளச்சி சிரித்தாள். செவலைகூடச் சிரித்தது. தான் சொன்ன ஒன்றுக்கு மற்றவர்கள் சிரித்துக் கேட்டு அவனுக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை, உலையோரம் உட்கார்ந்து துருத்தி ஊதிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள்ளிருந்து இரும்பின் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. உலையை ஒட்டி இருப்பவனுக்கு மட்டும்தான் அது கேட்கும்.

“துடியா, கரி வந்து சேர்ந்துட்டான். என் தோல் நல்லா நிறைஞ்சுடுச்சு. நகத்துக் கனம் இருக்கும். அது போதும். திற.”

துடியன் கையைத் துருத்தியிலிருந்து எடுத்தான். அந்த நேரம் பார்த்து வெள்ளச்சி வாசலிலிருந்து கேட்டாள்: “வெந்துடுச்சா அண்ணே?”

வெந்துவிட்டது என்றால் மத்தியானத்துக்குள் வண்டி பூட்டிவிடுவாள்.

“இன்னும் இல்லே, தங்கச்சி” என்றான்.

இரும்பு அதைக் கேட்டது.

அடுத்த நாளும் அது கூப்பிட்டது. “துடியா, காதிலே விழலையா? கரி உள்ளே இறங்கிக்கிட்டே இருக்கான். எனக்கு நெஞ்சிலே கொஞ்சம் மெத்தென்ற இடம் இருக்கு. அடி விழுந்தா அங்கேதான் வாங்கிக்குவேன். அந்த இடம் குறுகிக்கிட்டே வருது.”

துடியன் துருத்தியை வேகமாக ஊதினான். துருத்திச் சத்தத்தில் குரல் அமுங்கியது. அப்படி ஊதியதில் பெட்டி முருக்கம்பூ நிறத்தைத் தாண்டி மஞ்சள் பாய்ந்து நின்றது. அதையும் அவன் பார்த்தான். பார்க்காததுபோல் எழுந்து, வெள்ளச்சி உப்பு மூட்டைகளை ஓலைபோட்டு மூடுவதற்கு உதவி செய்யப் போனான்.

“நாளைக்காவது ஆகுமா?” என்று மயிலை கேட்டது. “காத்திலே ஈர வாடை அடிக்குது.”

“ஆகும், ஆகும்.”

அதற்கும் அடுத்த நாள் இரும்பின் குரல் மிக மெல்லியதாகிவிட்டது. “இடமே இல்லே” என்று மட்டும் சொன்னது. “துடியா, உள்ளே இடமே இல்லே.”

மேற்கே முதல் இடி இடித்தது. வெள்ளச்சி கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள். “போதும் அண்ணே. தேய்ஞ்ச அச்சையே மாட்டுங்க. நான் கிளம்பறேன்.”

“இதோ, ஆயிடுச்சு! இந்த நிமிஷம்!” என்று துடியன் குழியில் இறங்கிப் பெட்டியை உடைத்தான். அச்சு மஞ்சளாகத் தகதகத்தது. அதை அப்படியே குறட்டால் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். தொட்டி அலறியது. ஆவி கூரையை முட்டியது.

எடுத்து அரத்தை வைத்தான். அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“அடேயப்பா!” என்றாள் வெள்ளச்சி. ஓரத்தில் அரத்தை அவளே தேய்த்துப் பார்த்தாள். ஒரு தூசு உதிரவில்லை.

அச்சு அவன் கைக்குள்ளேயே முணுமுணுத்தது. “என்னை இப்படியே அனுப்பாதே. உடம்பெல்லாம் வெடிக்கிற மாதிரி இறுகிக் கிடக்குது. கொஞ்சம் இளஞ்சூடாவது காட்டு. ஒரு நாள் சும்மா வை.”

ஒரு நாள் வைக்க வேண்டும் என்றால், ஏன் என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். துடியன் அச்சை வண்டியில் மாட்டினான்.

வெள்ளச்சி நுகத்தடியைப் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். “ஆத்துப் பாதை எதுக்கு, இது போதும் எனக்கு. இனிமே அடிக்கடி வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன் அண்ணே.”

வண்டி போய் மறைந்த வெகுநேரத்துக்குப் பிறகும் அவன் அங்கேயே நின்றான்.

மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. அது சற்று ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், பாதையில் ஒரு மாட்டின் குளம்புச் சத்தம் கேட்டது. ஒரு மாட்டின் சத்தம்தான். சக்கரச் சத்தம் இல்லை.

வெள்ளச்சி நடந்து வந்தாள். கூடவே செவலை வந்தது. கயிறு கட்டாமலே வந்தது.

வெள்ளச்சி தோளில் கிடந்த ஒன்றை இறக்கி அவன் காலடியில் வைத்தாள். அச்சில் பாதி.

“மூணாவது வளைவிலே ஒரு கல். பெரிய கல்கூட இல்லே அண்ணே. சக்கரம் ஏறி இறங்கிச்சு, அவ்வளவுதான். இது மண்சட்டி மாதிரி பட்டுனு போயிடுச்சு. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ஞ்சுது. நான் செவலை பக்கம் கயித்தை அறுத்தேன். அந்தப் பக்கம் அறுக்கிறதுக்குள்ளே…”

தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்ற செவலை குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. பழக்கத்தில் இடப்பக்கம் ஓர் இடம் விட்டு நின்றிருந்தது.

துடியன் குனிந்து அச்சின் உடைந்த வாயைப் பார்த்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பெரிய பெரிய பரலாக மின்னியது. உப்பை உடைத்தால் மின்னுமே, அப்படி. மென்மையான சாம்பல் நிறம் நடுவில் ஒரு மிளகளவுகூட இல்லை.

“நல்ல இரும்புன்னுதானே போட்டீங்க?” என்று வெள்ளச்சி கேட்டாள். “எங்கே தப்பாச்சு?”

துடியன் வாய் திறக்கவில்லை. உடைந்த அச்சு திறந்தது.

“நான் சொன்னேன்” என்றது. “போதும்னு சொன்னேன். உள்ளே இடமில்லைன்னு சொன்னேன். எல்லாத்தையும் அவன் கேட்டான். கேட்டுட்டுத் துருத்தியை ஊதினான். நீ கிளம்பிடக்கூடாதுன்னு ஊதினான்.”

வெள்ளச்சி துடியனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான்.

“இரு தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனே அண்ணே” என்றாள். “மேலே உப்பை இறக்கிட்டு வந்து மழைக்காலம் பூராவும் இங்கேயே இருந்திருப்பேன். எனக்கு மட்டும் கடற்கரையிலே யாரு இருக்கா?”

அவள் செவலையின் முதுகில் கையை வைத்தாள். இருவரும் கடல் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். வாயாடிச் செவலை ஒரு சொல்கூடச் சொல்லாமல் போனது.

துடியன் அச்சின் பக்கத்தில் உட்கார்ந்தான். “பேசு” என்றான். “என்னைத் திட்டவாவது செய்.”

அச்சு பேசவில்லை. சம்மட்டியைக் கேட்டான், குறட்டைக் கேட்டான், சுவரில் அடித்திருந்த ஆணியைக் கேட்டான். ஒன்றும் பேசவில்லை. சொன்னதைக் கேட்டும் கேளாதவனிடம் இனிமேல் சொல்வதில்லை என்று உலகத்து இரும்பெல்லாம் முடிவு செய்துவிட்டது. அதுவரை தனியாக இருந்ததாக நினைத்தவனுக்கு, அன்றைக்குத்தான் தனிமை என்றால் என்ன என்று தெரிந்தது.

மழைக்காலம் முழுவதும் அவன் உலையை மூட்டவில்லை. தை பிறந்ததும் மூட்டினான். வெள்ளச்சிக்கு ஓர் அச்சு செய்ய வேண்டும். உடையாத, தேயாத ஓர் அச்சு. ஆனால் இரும்பு சொல்லாமல் எப்படிச் செய்வது? பெட்டி மூடியிருக்கிறது. கரிக்கு நிற்கத் தெரியாது. தோல் நிறைந்ததா, நெஞ்சில் இடம் இருக்கிறதா என்று யார் சொல்வது?

பல அச்சுகள் வீணாயின. சீக்கிரம் திறந்தால் தோல் மெல்லியதாக இருந்து தேய்ந்தது. தாமதமாகத் திறந்தால் மண்சட்டியாக உடைந்தது. உடைத்து உடைத்து அவன் பார்த்தான். வாயால் சொல்லாததை இரும்பு நிறத்தால் காட்டுகிறது என்பது மெல்லப் புரிந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததும் முக்காமல், முருக்கம்பூ நிறம் செம்பருத்தி நிறமாக இறங்கும்வரை பொறுத்து முக்கினால் பரல் பொடிப்பொடியாக இருந்தது. முக்கிய பிறகு ஓரிடத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டுச் சூடான மணலில் படுக்க வைத்தால், தேய்த்த இடம் மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அதற்கு அப்புறம் அந்த இரும்பு எவ்வளவு அடித்தாலும் வெடிக்கவில்லை.

ஆனால் மூடிய பெட்டிக்குள் நடப்பதற்கு நிறம் ஏது?

ஒருநாள் பெட்டியைப் பூசுமுன் துடியன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே இரும்பில் ஒரு சின்னக் கம்பியை வெட்டி எடுத்தான். அதை அச்சின் பக்கத்தில் படுக்க வைத்து, அதன் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றிலும் களிமண் பூசினான். உள்ளே அச்சுக்கு நடப்பதெல்லாம் கம்பிக்கும் நடக்கும். வேண்டும்போது கம்பியை மட்டும் உருவிவிட்டு ஓட்டையை அடைத்துவிடலாம்.

நேரம் வந்ததென்று தோன்றியபோது கம்பியை உருவித் தண்ணீரில் முக்கினான். பட்டறைக்கல்லில் வைத்து ஓங்கி அடித்து உடைத்தான். உடைந்த வாயில் சுற்றிலும் நகத்துக் கனத்துக்கு வெள்ளி வளையம். நடுவில் சாம்பல் நிறத்தில், நார் நாராக, மெத்தென்ற நெஞ்சு.

அவன் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு சிறிது நேரம் அழுதான். பிறகு பெட்டியைத் திறந்தான்.

அந்த அச்சைக் கடற்கரைக்குத் திரும்பும் ஒரு வண்டிக்காரனிடம் கொடுத்து, வெள்ளச்சியிடம் சேர்க்கச் சொன்னான். கூடவே உடைந்த கம்பியின் இரண்டு துண்டுகளையும் கட்டி அனுப்பினான்.

“என்ன சொல்லணும்?” என்று வண்டிக்காரன் கேட்டான்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். கம்பியைப் பார்க்கச் சொல்லு.”

வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வந்து அப்படியொரு அச்சு வாங்கிப் போனார்கள். அவன் மறைக்காமல் எல்லோருக்கும் செய்து கொடுத்தான். வாங்கிப் போனவர்கள் மறுபடி நிற்கவில்லை. நிற்கத் தேவை இல்லை. சக்கரச் சத்தம் தூரத்தில் கேட்கும், பட்டறையைத் தாண்டும், மலையில் ஏறித் தேய்ந்துபோகும்.

கோடை முடியும் நேரத்தில் ஒரு சத்தம் கேட்டுத் துடியன் வெளியே வந்தான். செவலை வந்துகொண்டிருந்தது. அதன் இடப்பக்கம் ஒரு கறுப்புக் காளை. வண்டியில் வெள்ளச்சி. அச்சு கிறீச்சென்றுகூடக் கத்தவில்லை. வண்டி நிற்கும் வேகத்தில் வரவில்லை.

துடியன் பாதையோரம் வந்து நின்றான். உலைக்கு முன்னால் பேசிப் பார்த்ததெல்லாம் வழக்கம்போல மறந்துபோயிருந்தது.

“இருந்துட்டுப் போ, தங்கச்சி” என்றான். “அச்சுக்காக இல்லே. எனக்காக.”

வெள்ளச்சி கயிற்றை இழுத்தாள். வண்டி நின்றது. அவள் இறங்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு முடியாது அண்ணே. மேகம் கட்டுது” என்றாள் கடைசியில். “திரும்பும்போது பார்க்கலாம்.”

“திரும்பும்போதுன்னா நிச்சயமா?”

“பார்க்கலாம்னுதான் சொன்னேன்.”

கயிறு தளர்ந்தது. வண்டி மலைப் பக்கம் திரும்பியது. மூன்றாவது வளைவைத் தாண்டும்வரை துடியன் காதைக் கொடுத்து நின்றான். எதுவும் உடையவில்லை. பிறகு உள்ளே போய், அடுத்த அச்சுக்குப் பெட்டியைப் பூச ஆரம்பித்தான்.

அன்று முதல்தான் இரும்பு வாய் பேசுவதில்லை. முருக்கம்பூவும் செம்பருத்தியும் வைக்கோலுமாக நிறத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. அன்று முதல்தான் நல்ல அச்சுக்குத் தோல் மட்டும் கடினம், நெஞ்சு மென்மை. கரிப்பெட்டிக்குள் எந்த இரும்பும் தனியாகப் போவதில்லை என்பதும் அன்று முதல்தான்: பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி கூடவே போகிறது, உள்ளே என்ன நடந்தது என்பதை உடைந்தாவது வந்து சொல்கிறது.